யோர்தான் கரையில கேக்கக்கூடாத ஒண்ணு

எபி,

இதை உன் கைப்பையில, பாஸ்போர்ட் உறைக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். வீட்லயே பேசியிருக்கலாமேன்னு கேப்பே. பேசினா நீ "சரிம்மா, சரிம்மா"ன்னுக்கினே வண்டிச் சாவியைத் தேடுவே. ஒரகடத்துக்கு ஷிப்டுக்கு ஓடற பையனை நிக்க வச்சு எவ்வளவு பேச முடியும்? விமானத்துல ஏறிட்டா ஓட முடியாது. பெல்ட்டைப் போட்டுக்கினு நிதானமா படி. வள்ளி கண்ணசந்தப்புறம் படிச்சா இன்னும் நல்லது, ஏன்னா இதுல பாதி உன் பொண்டாட்டியைப் பத்தினது.

விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவளுக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. போன வாரம் தையக்காரர் கொடுத்தனுப்பின பொட்டலத்தை நான்தான் வாங்கி வச்சேன். உள்ளே ரெண்டு வெள்ளை அங்கி. ஒண்ணு உன் அளவு. இன்னொண்ணு சின்னது, யாரு அளவுன்னு என்கிட்ட யாரும் சொல்ல வேண்டியதில்லே. யோர்தான்ல நீ முங்கி எழுந்து, அப்படியே வள்ளியையும் கூப்பிட்டு, அங்கேயே ஞானஸ்நானம் எடுக்க வச்சிடலாம்னு நீயும் பாஸ்டரும் பேசி வச்சிருக்கீங்க. அவகிட்ட இன்னும் யாரும் ஒரு வார்த்தை கேக்கல. ஆத்தங்கரையில நிக்க வச்சுக் கேக்கறதா ஏற்பாடு. அதைப் பத்தித்தான் இந்தக் கடிதம். ஆனா நானும் உங்கப்பாவும் போய் வந்த ஊருங்க அதெல்லாம். வழி எப்படி, கூட்டம் எப்படின்னு சொல்லிக்கினே வந்தாத்தான் அந்த ஆத்தங்கரை என்னன்னு உனக்குப் புரியும். அதனால பொறுமையா கூட வா.

ஏர்போர்ட்டுல எல்லாருக்கும் ஒரே கலர்ல தொப்பி கொடுப்பாங்க, கழுத்துல அட்டை மாட்டுவாங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வண்டலூருக்குப் போற மாதிரி இருக்குதேன்னு வெக்கப்படாதே. எருசலேம் சந்துல நம்ம ஆளு யாரு, நைஜீரியாக்காரர் யாரு, கொரியாக்காரர் யாருன்னு தெரியாம அல்லாடறப்ப அந்தத் தொப்பிதான் காப்பாத்தும். ஊறுகாயைக் கைப்பையில வைக்காதே. எங்க கூட வந்த ஒரு அம்மா எலுமிச்சங்கா ஊறுகாய் பாட்டிலை மடியில குழந்தை மாதிரி வச்சுக்கினு வந்தாங்க. சோதனையில அதை எடுத்துக் குப்பையில போட்டுட்டாங்க. அந்தம்மா அப்போ அழுத அழுகை, ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்ச கொல்கொதாவுல கூட அழல. உன் ஊறுகாய் பெரிய பெட்டியில, துணிக்கு நடுவுல இருக்குது.

எல்லையில கேள்வி கேப்பாங்க. துப்பாக்கியைத் தோள்ல மாட்டிக்கினு, உன்னைவிடச் சின்னப் பொண்ணு ஒருத்தி நின்னுக்கினு, எங்கேர்ந்து வரீங்க, எதுக்கு வரீங்க, பக்கத்துல இருக்கறது யாருன்னு கேப்பா. நிலவரம் சரியில்லேன்னு ரெண்டு தடவை தள்ளிப்போன பயணம், இந்தத் தடவை சோதனை இன்னும் ஜாஸ்தியாத்தான் இருக்கும். பதட்டப்படாதே. வள்ளியைக் கேட்டா வள்ளியே பதில் சொல்லட்டும். அவ பி.காம். படிச்சவ, வாய் இருக்குது. நீ முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்காதே. உங்கப்பா எனக்காகப் பதில் சொல்லப் போய், அவரு இங்கிலீஷைக் கேட்டு அந்தப் பொண்ணு எங்க ரெண்டு பேரையும் தனியா உக்கார வச்சுட்டா. டிப்போவுல பஸ்ஸுக்கு அடியில படுத்து வேலை பாத்த மனுஷன், எந்த வண்டிச் சத்தத்தைக் கேட்டும் நோவு சொல்லுவாரு. அந்த இங்கிலீஷு மட்டும் அவருக்கு எந்த கியர்லயும் விழல.

அப்புறம் இன்னொண்ணு. பரிசுத்த தேசத்துல கால் வச்சதும் உடம்பெல்லாம் புல்லரிக்கும்னு எதிர்பார்த்துக்கினு போகாதே. போய் வந்தவங்க எல்லாரும் சர்ச்சுல சாட்சி சொல்றப்ப அப்படித்தான் சொல்லுவாங்க. எனக்கு ஒண்ணும் வரல. பெத்லகேம்ல ஆண்டவர் பிறந்த இடத்துக் கோயில் வாசல் நெஞ்சளவுதான் இருக்கும், குனிஞ்சுதான் போகணும். உங்கப்பா உயரத்துக்கு நெத்தி ணங்குனு இடிச்சுக்கினாரு. அப்போ அவரு வாயில வந்தது வேதவசனம் இல்லே. பின்னாடி வந்த ஜெபக்குழு அம்மாங்க காதுல விழாத மாதிரி பாட்டை உரக்கப் பாடினாங்க. எருசலேம்ல சிலுவையைத் தூக்கிக்கினு போற பாதைன்னா என்னவோ அமைதியா இருக்கும்னு நினைச்சிருந்தேன். ரெண்டு பக்கமும் கடை. நம்ம காந்தி ரோடு பட்டுக்கடைக்காரங்க தோத்தாங்க, போ. நாம பாட்டுப் பாடிக்கினு சிலுவையோட போறப்ப, "வாங்கம்மா, நல்லா இருக்கு"ன்னு தமிழ்லயே கூப்பிட்டு ஒலிவமரச் சிலுவையை நீட்டறான். ஆண்டவரை வச்ச கல்லறைன்னு ரெண்டு இடம் காட்டுவாங்க. எது நிஜம்னு கைடு அடிச்சுச் சொல்லமாட்டாரு, "பாரம்பரியமா இப்படிச் சொல்றாங்க"ன்னு நழுவிக்குவாரு. உங்கப்பா எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு இடத்துலயும் அழுதாரு. நான் ரெண்டு இடத்துலயும் டாய்லெட் எங்கே இருக்குதுன்னு பாத்துக்கினு இருந்தேன். நீயும் ஒண்ணும் தோணலைன்னா தோணலைன்னு இரு. தோணின மாதிரி நடிக்காதே.

எனக்குத் தோணினது கலிலேயாக் கடல்ல. படகு நடுவுல போனதும் நம்ம தேசியக் கொடியை ஏத்தி, தேசிய கீதம் போடுவாங்க. எல்லாரும் படகுல தள்ளாடிக்கினே அட்டென்ஷன்ல நிப்போம். அதுக்கப்புறம் இன்ஜினை நிறுத்திட்டாங்க. யாரும் பாடல, யாரும் ஜெபம் பண்ணல, பாஸ்டர் கூட மைக்கைக் கீழே வச்சிட்டாரு. தண்ணி படகுல மோதற சத்தம் மட்டும். அப்போதான் எனக்கு அழுகை வந்துச்சு. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. யாரும் என்னை அழச் சொல்லாத இடம் அது ஒண்ணுதான், அதனாலயா இருக்கலாம். இதை ஞாபகத்துல வச்சுக்க, பின்னாடி வேணும்.

கரைக்கு வந்ததும் தலையோட முழு மீனைப் பொரிச்சுத் தட்டுல வைப்பாங்க, பேதுரு மீன்னு பேரு. உங்கப்பா "குழம்பு இல்லியா?"ன்னு கேட்டு மானத்தை வாங்கினாரு. சவக்கடலுக்குப் போற முந்தின நாள் ஷேவ் பண்ணாதே, எரிஞ்சு பிச்சுப்புடும். கண்ணுல தண்ணி படாம பாத்துக்க. படுத்தா மிதக்கலாம், நீச்சலடிக்கறேன்னு குப்புற விழாதே. வள்ளி சர்க்கரை மாத்திரை எதுவும் சாப்பிடறவ இல்லே, ஆனா பசி தாங்கமாட்டா. பஸ்ஸுல அவ பக்கம் பிஸ்கட் இருக்கட்டும்.

ஆண்டவர் கல்யாண வீட்டுக்குப் போன கானாவூர்ல, கல்யாணமான ஜோடிங்களை எல்லாம் வரிசையா நிக்க வச்சு, கையைப் புடிச்சுக்கினு திரும்பவும் உடன்படிக்கை சொல்லச் சொல்லுவாங்க. எங்களுக்கு அது ரெண்டாவது தடவை. உங்கப்பா "முதல் தடவை சொன்னதே இன்னும் பாக்கி இருக்குதே"ன்னு என் காதுல முணுமுணுத்தாரு. உங்களுக்கு அதுதான் முதல் தடவை. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டதோட உங்க கல்யாணம் முடிஞ்சுபோச்சு. அவ வீட்டுலேர்ந்து யாரும் வரல. அவங்கப்பா பிள்ளையார்பாளையத்துல இன்னைக்கும் தறியில உக்காந்து நெய்யறவரு, கோயில் காரியம்னா முன்னால நிக்கற குடும்பம். சர்ச்சுக்காரன், அதுவும் நம்ம சேரியிலேர்ந்து வந்த வீடுன்னதும், அவருக்கு ஊர்ல தலை நிமிர முடியல. அதை நான் தப்புன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. ஒரு வருஷம் கழிச்சு ஒரு புடவையைத் தானே நெய்து எடுத்துக்கினு செவிலிமேட்டுக்கு பஸ்ஸுல வந்தாரு பாரு, நம்ம வீட்ல தண்ணி வாங்கிக் குடிச்சாரு பாரு, அதோட எனக்கு அந்தக் கணக்கு தீர்ந்துபோச்சு. கானாவூருக்கு அந்தப் புடவையைக் கட்டலாமான்னு வள்ளி என்கிட்ட கேட்டா. கட்டுமான்னேன். பெட்டியில மேலாப்புல இருக்குது. அன்னைக்கு அவ முகத்தைப் பாரு. அவளா ஆசைப்பட்டுச் செய்யறது எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும்.

இப்போ யோர்தானுக்கு வரேன். ஆறுன்னதும் பெருசா நினைச்சுக்காதே. நம்ம பாலாத்துல ஐப்பசியில தண்ணி வந்தா அதுல பத்துல ஒரு பங்கு கூடக் காணாது. கலங்கின தண்ணி. நடுவுல கயிறு கட்டியிருக்கும், அந்தப் பக்கம் வேற நாடு. அந்தக் கரையிலயும் யாரோ வெள்ளை உடுத்திக்கினு முங்கிக்கினு இருப்பாங்க. குழந்தையிலயே ஞானஸ்நானம் எடுத்தவங்களும் ஞாபகமா முங்குவாங்க. நானும் முங்கினேன், மூக்குல தண்ணி ஏறிடுச்சு. அன்னைக்குத்தான் ஒரு பொண்ணு விஷயம் நடந்தது.

தென்னேரிப் பக்கத்துலேர்ந்து எங்க குழுவுல ஒரு புது ஜோடி வந்திருந்தாங்க. பொண்ணு வேற மார்க்கம், பையன் நம்ம ஆளு. நல்ல பையன். பஸ்ஸுல அவளுக்குத் தண்ணி பாட்டிலைத் திறந்து திறந்து கொடுத்துக்கினு வந்தான். அவளும் கலகலன்னு இருப்பா, மைக்கு அவகிட்ட வந்தா கூச்சப்படாம பாடுவா, நம்ம பாட்டை எல்லாம் எப்பவோ கத்துக்கினு இருந்தா. ஆத்தங்கரையில அவன் முங்கி எழுந்து, தண்ணியில நின்னுக்கினே கையை நீட்டி, "வாம்மா, எல்லாரும் பாக்கறாங்க இல்லே"ன்னான். பஸ் மொத்தமும் கரையில நின்னு கை தட்டிக்கினு பாடுது. பாஸ்டர் ரெடியா நிக்கறாரு. அவ ஒரு தடவை எங்க எல்லாரையும் பாத்தா. இறங்கினா. முங்கினா. எல்லாரும் அல்லேலூயா சொன்னோம், நானும்தான் சொன்னேன்.

அப்புறம் துணி மாத்தற அறையில நானும் அவளும்தான். நடுங்கிக்கினு இருந்தா, துண்டைக் கொடுத்தேன். பர்ஸைத் திறந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தா. கண்ணாடியைப் பாத்தா. அட்டையைப் பாத்தா. "ஆன்ட்டி, இனிமே வைக்கக்கூடாது இல்லே?"ன்னா. "முதல்ல தலையைத் துவட்டும்மா, சளி புடிச்சுக்கும்"னேன். அவ அட்டையை உள்ளேயே வச்சு மூடிட்டா. அதுக்கப்புறம் ஊர் வந்து சேர்ற வரைக்கும் மைக்கு அவகிட்ட வந்தா அடுத்த சீட்டுக்குக் கொடுத்துடுவா. பாடல. அந்தப் பையன் அப்பவும் தண்ணி பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கினுதான் இருந்தான். என்ன ஆச்சுன்னு அவனுக்குத் தெரியவே இல்லே. கேட்டிருந்தா, "நான் கேட்டேன், அவ வந்தா"ன்னுதான் சொல்லியிருப்பான். அதுவும் பொய் இல்லே.

ஆஸ்பத்திரியில ஒரு ஊசி போடறதுக்கே "போடட்டுமாம்மா?"ன்னு கேட்டுத்தான் போடுவேன். வேணாம்னு சொல்றதுக்கு அவங்களுக்கு வழி இருந்தாத்தான் அது கேக்கறது. பாட்டும் கைத்தட்டலுமா ஒரு பஸ் ஜனம் சுத்தி நிக்க, புருஷன் தண்ணியில கையை நீட்டிக்கினு கேட்டா, அது கேக்கறதே இல்லே. அது புடிச்சு இழுக்கறது. இதை யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுவேன், பாஸ்டர்கிட்டயும் சொல்லுவேன்.

எனக்கு ஆசை இல்லியான்னு கேட்டா, இருக்குது. நிறையவே இருக்குது. ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்கு மட்டும் கொடுக்கற திருவிருந்தை எடுக்க நான் எழுந்து முன்னால போறப்ப, அவ மட்டும் பெஞ்சுல என் கைப்பையைக் காவல் காத்துக்கினு உக்காந்திருப்பா பாரு, அப்போ அவளும் என் கூட முன்னால வந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுக்குவேன். நீயும் நினைப்பேன்னு தெரியும். பின் பெஞ்சுல ரெண்டு பேரு குசுகுசுன்னு பேசறது உன் காதுலயும் விழுது, என் காதுலயும் விழுது. உங்கப்பா கல்லறையில பேருக்குப் பின்னாடி ஜே.பி.ன்னு பொறிச்சிருக்குதே, எருசலேம் போய் வந்தவருன்னு அடையாளம், அது மாதிரி உனக்கும் ஒரு ஜே.பி. வரும், பொண்டாட்டியும் சர்ச்சுல ஒருத்தியாயிட்டான்னு திரும்பி வந்ததும் மேடையில சால்வை போடுவாங்க. சால்வையைப் போட்டவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. அவ கூட ராத்திரி பகல் இருக்கப்போறது நீதான்.

போன ஞாயித்துக்கிழமை பாஸ்டர் வீட்டுக்கு வந்தாரு, நீ ஷிப்டுல இருந்தே. நல்ல மனுஷன், உங்கப்பா படுத்த படுக்கையா இருந்தப்ப நாள் தவறாம வந்து ஜெபம் பண்ணினவரு. காபியைக் கையில வச்சுக்கினு, "எபி கேட்டா அந்தப் பொண்ணு மறுக்காதும்மா"ன்னாரு, முகமெல்லாம் சந்தோஷம். நான் "காபி ஆறுதுங்க ஐயா"ன்னேன்.

மறுநாள் வள்ளி இஸ்திரி போட்டுக்கினு இருந்தா. பொட்டலத்தை அவளே பிரிச்சிருக்கா. உன் அங்கியை மடிச்சு வச்சிட்டு, சின்னதை எடுத்து மேஜை மேல விரிச்சா. "இது எனக்குத்தானே அத்தே?"ன்னா. "அளவைப் பாத்தா அப்படித்தான் தெரியுதும்மா"ன்னேன். அங்கியோட கையைத் தேய்ச்சா, காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்ச்சா. ஒரு சுருக்கம் விடல. அவங்கப்பா முந்தின நாள் வந்து, "முன்னப்பின்ன தெரியாத ஊரும்மா, பத்திரமா போய்ட்டு வரட்டும்"னு கோயில் குங்குமப் பொட்டலம் ஒண்ணு கொடுத்துட்டுப் போயிருந்தாரு. அதைத் தன் கைப்பை சைடு ஜிப்புல வச்சிருக்கா. அது உன் கண்ணுல பட்டா, பட்ட இடத்துலயே விட்டுடு. இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வச்சிட்டுச் சொன்னா: "அவரு கேட்டா முங்கிடுவேன் அத்தே. அவரு கேட்டு நான் என்னைக்கு மாட்டேன்னிருக்கேன்?" அப்புறம் என்னைப் பாக்காமயே, "கேக்காம இருந்தாருன்னா நல்லா இருக்கும்"னா. "அவர்கிட்ட சொல்லிடாதீங்க"ன்னும் சொன்னா. நான் சரின்னு சொல்லல. அதனாலதான் எழுதறேன்.

பாஸ்டர் சொன்னதும் அவ சொன்னதும் ஒரே பேச்சுதான், பாத்தியா? நீ கேட்டா மறுக்கமாட்டா. அவரு அதைச் சொல்லிச் சிரிச்சாரு. அவ அதைச் சொல்லி இஸ்திரிப் பெட்டியை நிறுத்திட்டா. எபி, உனக்காக வீட்டை விட்டு வந்த பொண்ணுப்பா அது. உன்கிட்ட இல்லேன்னு சொல்ல அவளுக்கு வரல. அந்த இடத்துல நீதான் பாத்து நடந்துக்கணும்.

சின்ன அங்கி உன் பெட்டியில இல்லே, தேடாதே. என் பீரோவுல, என் வெள்ளைப் புடவைக்கு அடியில வச்சிருக்கேன். என்னைக்காவது அவளா வந்து "அத்தே, அது எங்கே?"ன்னு கேட்டா, அன்னைக்கு எடுத்துக் கொடுப்பேன். இன்ஜினை நிறுத்தினாத்தான் தண்ணிச் சத்தம் கேக்கும்னு எனக்கு அங்கே போய்த்தான் தெரிஞ்சுது. நம்ம சர்ச்சு ஞானஸ்நானத் தொட்டியில இருக்கறதும் தண்ணிதான், எங்கேயும் ஓடிப்போகாது. நான் இருக்கறதுக்குள்ள அவ கேட்டா பாக்கற பாக்கியம் எனக்கு. கேக்கவே இல்லேன்னாலும் அவ என் மருமவதான், என் கைப்பை அவகிட்டதான் இருக்கும்.

அன்னைக்கு நீ முங்கு. உங்கப்பாவை நினைச்சுக்கினு ஒரு தடவை, எனக்காக ஒரு தடவை. அவ கரையில நிக்கட்டும். காலை நனைக்கணும்னு அவளுக்கே தோணினா நனைக்கட்டும். பாஸ்டர் உன்னைப் பாப்பாரு, பஸ்ஸு பூரா உன்னைப் பாக்கும், பாட்டு நிக்காது. நீ தண்ணியை விட்டு வெளியே வா, நேரா அவகிட்ட போ. போய் துண்டை மட்டும் கேளு.

அம்மா